சளியை எண்ணிக்கொண்டிருந்த ஊர்: கேள்வி பதில்

(சுவாச வைரஸ் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கொரோனா காலத்தில் சாதாரணச் சளி வைரஸ்களைக் கண்காணித்தது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.)

கொரோனாவே தலைக்கு மேல் இருந்தபோது சளியை எண்ணுவது வீண் வேலை இல்லையா, சார்?

இல்லவே இல்லை. அமெரிக்காவில் சியாட்டிலைப் பாருங்கள். 2018-லேயே அங்கே ஃப்ளூ ஆய்வு ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். சளி, இருமல் உள்ளவர்களின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்து, ஃப்ளூ, ஆர்எஸ்வி (குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ்), ரைனோ (சாதாரணச் சளிக்கு முக்கியக் காரணம்), அடினோ என்று ஏகப்பட்ட சுவாச வைரஸ்களைத் தேடினார்கள். 2020 ஜனவரியில் பக்கத்திலேயே ஸ்னோஹோமிஷ் மாவட்டத்தில், வூஹானிலிருந்து திரும்பிய ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. அப்போதைய விதிப்படி, சீனா போய்வந்தவர்களுக்கும் நோயாளியோடு பழகியவர்களுக்கும்தான் பெரும்பாலும் பரிசோதனை. அந்த ஃப்ளூ ஆய்வை நடத்திய டாக்டர் ஹெலன் சூவின் குழு பிப்ரவரி கடைசியில், கையில் இருந்த ஃப்ளூ மாதிரிகளையே கொரோனாவுக்கும் சோதித்தது. எங்கும் பயணம் போகாத ஒரு பள்ளி மாணவருக்குத் தொற்று இருந்தது! ஊருக்குள் நோய் பரவுகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. சளி மாதிரிகளைச் சேர்த்து வைத்திருக்காவிட்டால் சோதிக்க என்ன இருந்திருக்கும்?

ஜனவரி நோயாளியிடமிருந்துதான் அந்த மாணவருக்கு வந்ததா?

முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டு வைரஸ்களின் மரபணு வரிசையும் அவ்வளவு ஒத்திருந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகளின்படி, மாணவரிடம் இருந்த வைரஸ் வெளியிலிருந்து தனியாக வந்து நுழைந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆய்வுக்கென்று கொடுத்த மாதிரியை வேறு நோய்க்குச் சோதிப்பது சரியா? நான் வழக்கறிஞர் என்பதால் கேட்கிறேன்.

நியாயமான கேள்வி. அது ஆய்வுக் கூடம். நோயாளிக்கு முடிவு சொல்வதற்கான மருத்துவக் கூட அங்கீகாரம் அப்போது அதற்கு இல்லை. இருந்தும் சுகாதார அதிகாரிகளிடம் சொன்னார்கள். நான் அந்த இடத்தில் இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் நெருக்கடி வந்த பிறகு அனுமதிக்காக ஓடுவது கொடுமை. ஒப்புதல் படிவத்திலேயே 'புதுக் கிருமி வந்தால் அதற்கும் சோதிப்போம், முடிவைச் சொல்வோம்' என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிட வேண்டும்.

ஊரடங்கில் சளியெல்லாம் காணாமல் போனதாகச் சொன்னார்களே, அண்ணா?

ஃப்ளூவும் ஆர்எஸ்வியும் பல நாடுகளில் கிட்டத்தட்ட மறைந்தே போயின. ரைனோ மட்டும் போகவில்லை. 2020 வசந்தத்தில் குறைந்தது, பள்ளிகள் திறந்ததும் பல ஊர்களில் திரும்பி வந்துவிட்டது. கொரோனா, ஃப்ளூ வைரஸ்களுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. ஆல்கஹால் பட்டால் அது சிதைந்துவிடும். ரைனோவுக்கு உறையே கிடையாது, அதனால் சானிடைசரிடம் அது அவ்வளவாக அசையாது. கதவுப் பிடியிலும் மேசையிலும் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நோய்க்குறியே இல்லாத குழந்தைகளும் அதைச் சுமந்துகொண்டு திரிவார்கள். ரைனோவைப் போக்கச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதுதான் நல்லது.

ஆர்எஸ்வி திரும்பிய விதம் இன்னும் வேடிக்கை. குளிர்காலத்தில் வர வேண்டியது, அமெரிக்காவில் 2021 கோடையில் வந்தது. குழந்தைகள் பிரிவுகளில் அந்தப் பருவத்தில் அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாராவாரம் எண்ணிக்கொண்டிருந்த இடங்களில்தான் முன்கூட்டியே தெரிந்தது.

சளி பிடித்திருந்தால் கொரோனா வராது என்கிறார் என் மாமா.

முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு வைரஸ் நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கும், அது அடுத்த வைரஸையும் சற்று நேரம் தடுக்கும். 2009-இல் ஸ்வீடனிலும் பிரான்சிலும் ரைனோ அலை பன்றிக்காய்ச்சலைத் தள்ளிப்போட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தவர்களும் நிறைய. மாமாவை இதை நம்பி இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சளிக்குத் தடுப்பூசி?

ரைனோவில் மட்டுமே 150-க்கும் மேற்பட்ட வகைகள். அத்தனையையும் ஒரே ஊசியால் தடுப்பது கடினம், அதுதான் சிக்கல்.

ஏதாவது ஒரு வைரஸ் போனது போனதுதானா?

ஒன்று அப்படி இருக்கலாம்: ஃப்ளூவின் பி வகையில் யமகாட்டா என்ற கிளை. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது இயற்கையாகப் பரவியதாக உறுதியான தகவல் இல்லை. 2023 செப்டம்பரில் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, தடுப்பூசியில் இனி அது தேவையில்லை என்றது. 'இல்லை' என்று சொல்லவும் இத்தனை ஆண்டுகள், இத்தனை நாடுகளில், மூக்கு மூக்காகச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.