'சாவி' தமிழ்ச் சொல்லா, போர்த்துக்கீசியச் சொல்லா? தூய தமிழில் அதை எப்படிச் சொல்வது?

போர்த்துக்கீசியம்தான். 'சாத்து' என்ற வினையோடு முடிச்சுப் போடுவது வெறும் ஒலி மயக்கம். போர்த்துக்கீசியத்திலும், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் பேசப்படும் கலீசிய மொழியிலும் இதன் எழுத்து வடிவம் ஒன்றே: chave. பழைய உச்சரிப்பு 'ச்சாவெ'. 12ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகல் தனி அரசானபோது இவை இரண்டும் ஒரே மொழி; மெல்ல மெல்லப் பிரிந்தது அதற்குப் பிறகுதான்.

லத்தீன் மூலம் 'கிளாவிஸ்'. அந்தக் 'கிளா' எப்படிச் 'ச்சா' ஆனது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். லத்தீனில் சொல்லுக்கு முதலில் வரும் கிள, பிள, ஃபிள என்ற மூன்று கூட்டொலிகளையும் ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்கோரம் 'ச்ச' என்ற ஒரே ஒலியாக்கிவிட்டது. அழுவதைக் குறித்த 'பிளோராரே' 'ச்சொரார்' ஆனது. சுடரைக் குறித்த 'ஃபிளாம்மா' 'ச்சாமா' ஆனது. பக்கத்து ஸ்பானியத்தில் சாவி 'யாவே', இத்தாலியத்தில் 'கியாவே'. கலீசிய எல்லையருகே போர்ச்சுகலில் ஷாவெஸ் என்றொரு நகரம் இருக்கிறது. கேட்டால் 'சாவிகள்' என்றே தோன்றும். ஆனால் அதன் ரோமானியப் பெயர் 'அக்வே ஃபிளாவியே': ஃபிளாவிய மரபுப் பேரரசர்களின் பெயர் தாங்கிய வெந்நீரூற்று ஊர். அங்கே 'ஃபிளா'தான் அதே விதிப்படி மாறியிருக்கிறது. சாவிக்கும் ஊருக்கும் உறவே இல்லை!

இன்றைய லிஸ்பன்வாசி 'ஷாவ்' என்கிறார். அந்த மெலிவு பிற்காலத்தது. கலீசியாவும் வட போர்ச்சுகலின் சில பகுதிகளும் 'ச்ச'வைக் கைவிடவில்லை. கொச்சியிலும் கோவாவிலும் 16ஆம் நூற்றாண்டில் வந்திறங்கியவர்கள் கொண்டுவந்ததும் அந்தப் பழைய ஒலியையே என்று நினைக்கிறேன். மராத்தியின் 'ச்சாவி'யும் இந்தியின் 'ச்சாபி'யும் அதற்குச் சாட்சி.

பொருளிலும் இரு தரப்பும் தனி வழி போயின. போர்த்துக்கீசியர் ஸ்பேனரையும் ஸ்குரூ டிரைவரையும்கூடச் சாவி வகையில் சேர்ப்பார்கள். ஒரு காரியத்தைச் சிறப்பாக முடிப்பது அவர்களுக்குப் 'பொற்சாவியால் பூட்டுவது'. நாம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறோம். அவர்கள் அதற்குக் 'கயிறு' கொடுக்கிறார்கள்.

தூய தமிழ் பற்றிக் கேட்டீர்கள். 'திறவுகோல்' உண்டு, ஆனால் பேச்சில் அரிது. 1619 முதல் 1658 வரை போர்த்துக்கீசியர் நேரடியாக ஆண்ட யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். அலுமாரி, சப்பாத்து (காலணி), பாண் (ரொட்டி) எல்லாவற்றையும் அவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்ட மக்கள், இதை மட்டும் 'திறப்பு' என்றே சொல்லி வருகிறார்கள். புதிதாக எதையும் ஆக்கத் தேவையில்லை. அன்றாடம் புழங்கும் அந்தச் சொல்லையே தயங்காமல் எழுதுங்கள்.