வாசகர் கேள்விகள்: ஒரே விஸ்கி, இரண்டு லேபிள்கள்

கேள்வி: ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள கல் ஈலா வடிசாலை வெளியிடும் 12 ஆண்டு சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த விஸ்கி) பல காலமாக அருந்தி வருகிறேன். அண்மையில் அதே வடிசாலையின் பெயரைத் தாங்கி, வேறொரு நிறுவனம் நிரப்பிய 11 ஆண்டு பாட்டில் ஒன்று கிடைத்தது. ஆல்கஹால் அளவு 57 சதவீதம். நிறமோ மிகவும் வெளிறியிருக்கிறது. தண்ணீர் விட்டால் கலங்குகிறது. இது உண்மையான சரக்குதானா? இரண்டில் எது மேலானது?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எவையும் போலிக்குரியவை அல்ல. ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கியில் பெரும்பகுதி கலப்பு விஸ்கிகளுக்கே செல்கிறது. கல் ஈலாவின் சரக்கும் ஜானி வாக்கர் கலவைகளுக்கு நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவ்வாறு கைமாறும் பீப்பாய்களில் சில, தரகர்கள் வழியாக, அவற்றை வாங்கித் தம் பெயரில் பாட்டிலில் அடைக்கும் தனி நிறுவனங்களிடம் வந்து சேர்கின்றன. 1842இல் தொடங்கிய கேடன்ஹெட், எல்ஜின் நகரில் 1895 முதல் இயங்கும் கார்டன் அண்ட் மெக்ஃபைல், 1988இல் பிறந்த சிக்னேட்டரி ஆகியவை இத்துறையில் நன்கு அறியப்பட்ட பெயர்கள். யார் நிரப்பினாலும் சட்டம் ஒன்றுதான்: குறைந்தது 3 ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும், ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிங்கிள் மால்ட் என்றால் ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட வேண்டும்.

நிறத்தைப் பொறுத்தவரை, பீப்பாய்தான் விஸ்கிக்கு நிறம் தருகிறது. ஏற்கெனவே பலமுறை நிரப்பிக் காலிசெய்யப்பட்ட பீப்பாயில் 11 ஆண்டுகள் கிடந்தாலும் விஸ்கி வைக்கோல் நிறத்தைத் தாண்டாமல் போகலாம். ஒவ்வொரு தொகுப்பும் ஒரே நிறத்தில் தெரிய வேண்டுமென்பதற்காகக் கேரமல் நிறமி சேர்க்கும் வடிசாலைகள் உண்டு. சட்டம் அதை அனுமதிக்கிறது. தனி நிறுவனங்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. கலங்கலுக்குக் காரணம், விஸ்கியில் இயல்பாகவே உள்ள கொழுப்பமில எஸ்டர்கள். ஆல்கஹால் ஏறத்தாழ 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதும் குளிரும்போதும் அவை கரைந்த நிலையிலிருந்து பிரிந்து மூட்டம் போல் எழுகின்றன. குளிர்வித்து வடிகட்டப்பட்ட விஸ்கியில் இம்மூட்டம் தோன்றாது. ஆனால் அவ்வாறு நீக்கப்படும் எஸ்டர்களோடு, நாவில் படியும் எண்ணெய்த்தன்மையும் சற்றுப் போய்விடுகிறது என்பதே என் அனுபவம். உங்கள் கோப்பையில் எழும் அந்த மூட்டத்தை நான் மகிழ்ச்சியோடு வரவேற்பேன்.

எது மேலானது என்ற கேள்விக்கு வருகிறேன். வடிசாலை வெளியீடு பல பீப்பாய்களைச் சேர்த்து உருவாக்கப்படுவது. இந்த ஆண்டு வாங்கும் பாட்டிலும் அடுத்த ஆண்டு வாங்குவதும் ஒரே சுவையில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமைக் கலவையாளர் உழைக்கிறார். தனி நிறுவன வெளியீடோ பல நேரங்களில் ஒரே ஒரு பீப்பாயின் கதை. சுமார் 250 லிட்டர் கொள்ளும் ஹாக்ஸ்ஹெட் பீப்பாயில் ஆண்டுதோறும் ஆவியாவது போக, முந்நூறு பாட்டில்கள் தேறினாலே பெரிது. தீர்ந்துவிட்டால் அதே விஸ்கி மறுபடி கிடைக்காது. ஆகவே வடிசாலையின் இயல்பை அறிய முதலில் அதன் சொந்த வெளியீட்டையே அருந்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அளவுகோல் கையில் இல்லாமல் தனிப் பீப்பாயைச் சுவைப்பவர், பீப்பாயின் குணம் எது, வடிசாலையின் குணம் எது என்று பிரித்தறிய முடியாமல் தடுமாறுவார்.

ஒப்பிடும்போது பலரும் செய்யும் தவறு, 43 சதவீத விஸ்கியையும் 57 சதவீத விஸ்கியையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைப்பது. காரம் மிகுந்தது வென்றதாகவோ முரடாகவோ தோன்றிவிடும். உங்கள் 57 சதவீத விஸ்கியில் 30 மில்லி எடுத்து, 10 மில்லி தண்ணீர் சேர்த்தால் அது ஏறத்தாழ 43 சதவீதத்துக்கு இறங்கும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டு இரண்டையும் முகர்ந்து பாருங்கள். கடுமைக்குப் பின்னால் ஒளிந்திருந்த எலுமிச்சைத் தோல் வாசனையும், அணைந்த அடுப்புச் சாம்பலை ஒத்த பீட் (மால்ட்டை உலர்த்த எரிக்கும் சதுப்புநிலக் கரிமண்) புகையும் அப்போது தெளிவாக எழக்கூடும். லேபிளில் வடித்த நாள், பாட்டிலில் அடைத்த நாள், பீப்பாயின் வகை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு ஷெர்ரி ஒயின் இருந்து, விஸ்கி முதன்முறையாக நிரப்பப்பட்ட பீப்பாய் என்றிருந்தால், அது வடிசாலையின் குரலை ஓரளவு மூடிவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

கேள்வி: சில தனி நிறுவன பாட்டில்களில் வடிசாலையின் பெயரே இல்லாமல், "ஸ்பேசைடு" என்று வட்டாரம் மட்டும் இருக்கிறதே, ஏன்?

பதில்: பீப்பாயை விற்கும்போதே தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனை விதிக்கும் வடிசாலைகள் உண்டு. இன்னும் சில, வேறொரு வடிசாலையின் மால்ட்டில் ஒரு கரண்டியளவு கலந்தே விற்கின்றன; அதன் பின் சட்டப்படி அது சிங்கிள் மால்ட் ஆகாது, "ப்ளெண்டட் மால்ட்" என்றே விற்கப்பட வேண்டும். அத்தகைய பீப்பாயில் இருப்பது, அந்தக் கரண்டி நீங்கலாக, முழுக்க ஒரே வடிசாலையின் சரக்குதான்.