தோளில் சுண்ணாம்பு: கேழ்வரகை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 48. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ராத்திரி திடீரென்று வலது தோளில் உயிர் போகிற வலி. தலை பின்னக்கூட கையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் கால்சியம் படிந்திருக்கிறது, ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். இப்போது பாதி வலி குறைந்திருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. நான் வெற்றிலை போடும் சுண்ணாம்புதான் காரணம் என்கிறார் மாமியார். பயந்துபோய்ப் பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிட்டேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் கேழ்வரகுக் கூழை மறுபடி குடியுங்கள் அம்மா. தோளில் படிவது சாப்பாட்டில் மிஞ்சிய கால்சியம் அல்ல. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் உள்ள செல்களே அங்கே படியவைப்பது அது. ரத்தத்தில் பார்த்தால் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வெற்றிலை பாக்கை விடுவதானால் வாய்ப் புற்றுக்குப் பயந்து விடுங்கள், தோளுக்காக வேண்டாம்.

எனக்கே இது வந்திருக்கிறது. சட்டைப் பொத்தான் போட வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டியிருந்தது. எலும்பு டாக்டருக்கே தோள் வலியா என்று கம்பவுண்டர் சிரித்தார். அதனால் அந்த ராத்திரி எப்படிக் கழிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்தப் படிவு வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். உடம்பு அதைக் கரைக்க ஆரம்பிக்கும்போதுதான் வலி உச்சத்துக்குப் போகும். உங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியின் ஓரம் சாக்பீஸ் துண்டு மாதிரி கூர்மையாக இருந்தால் அது இன்னும் இறுகிக் கிடக்கிறது. பஞ்சைப் பிய்த்த மாதிரி கலங்கியிருந்தால் கரைந்துகொண்டிருக்கிறது. திடீர் வலி, மூன்றே வாரத்தில் பாதி குறைந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது ரகம் என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் கொஞ்சம் பொறுப்பதுதான் நல்ல வைத்தியம்.

அதுவரை ஐஸைத் துண்டில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். வலி மாத்திரை சில நாள் போதும். சர்க்கரை இருப்பதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் சாப்பிடுங்கள். கையைத் தொட்டில் கட்டி வாரக்கணக்கில் தொங்கவிடாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் சீக்கிரம் இறுகிவிடும். மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவி, கையை வெடுக்கென்று இழுத்துவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வலி தாங்கவில்லை என்றால் ஸ்டீராய்டு ஊசி போடலாம். சில வாரத்துக்கு நிம்மதி கிடைக்கும். ஆனால் அது கால்சியத்தைக் கரைக்காது. போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறமும் அடங்காவிட்டால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. தோளை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே படிவுக்குள் ஊசியைச் செலுத்தி, சலைன் தண்ணீரை உள்ளே தள்ளித் தள்ளி வெளியே விடுவோம். சிரிஞ்சில் தண்ணீர் பாலாகக் கலங்கும். கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்தால் வெள்ளையடித்த வாளியின் அடி மாதிரி சுண்ணாம்பு தங்கும். அரை மணி நேர வேலை, தையல் கிடையாது. இரண்டு மூன்று நாள் வலி இருக்கும். படிவு மெத்தென்று இருந்தால் பலன் அதிகம்.

இறுகிய படிவுக்கு ஷாக்வேவ் உண்டு. சிறுநீரகக் கல்லை உடைக்கிற அதே அதிர்வலைதான். சில அமர்வுகள் வைப்பார்கள். வைக்கும்போது வலிக்கும், பலன் தெரியச் சில மாதம் ஆகும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

இவை எதற்கும் ஆறு மாதம் போல அசையாவிட்டால்தான் ஆபரேஷன் பேச்சு. ஆனால் காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுங்கள். பழைய படத்தைத் தூக்கிப் போட்டுவிடாமல் கையோடு கொண்டு போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யலாம்.