நந்தினி கொன்றாளா? அண்மையில் படித்த ஐந்து புத்தகங்கள் பற்றிக் கேள்வி பதில்

சில மாதங்களில் ஐந்து புத்தகங்கள் முடித்தேன். கல்கியின் பொன்னியின் செல்வன் (மூன்றாம் முறை), அந்தச் சூட்டோடு சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம், தஸ்தயெவ்ஸ்கியின் குற்றமும் தண்டனையும், ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்', உளவியலாளர் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'. நான் விமர்சகர் இல்லை. பொழுதுபோகப் படிக்கிறவள், சந்தேகம் வந்தால் தோண்டிப் பார்க்கிறவள், அவ்வளவுதான். இவற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டீர்கள்.

கே: இந்த ஐந்தில் எதை முதலில் படிக்கலாம்?

கையில் எது இருக்கிறதோ அதை. ஒன்றுமே இல்லையென்றால் பொன்னியின் செல்வன். ஐந்து பாகம் என்று மலைக்க வேண்டாம். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை ஆளைத் தவிக்கவிடும்படி எழுதப்பட்டது. நீங்கள் தவிக்க வேண்டியதில்லை, பக்கத்தைத் திருப்பினால் போதும்.

கே: அக்கா, ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றது நந்தினிதானே? கல்வெட்டிலேயே இருக்கிறது என்கிறார்கள்.

ஆதித்த கரிகாலன் கொலையுண்ட சோழ இளவரசன், இராஜராஜனின் அண்ணன். நந்தினி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் படைப்பு. பூங்குழலியும் அப்படித்தான். கதாநாயகன் வந்தியத்தேவன் உண்மையில் இருந்தான், ஆனால் அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு வரி. தஞ்சைக் கல்வெட்டு இராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார் என்கிறது. அந்த ஒரு வரிக்குக் குதிரையும் வாயும் வம்பும் கொடுத்தவர் கல்கி.

நீங்கள் சொல்லும் கல்வெட்டு உடையார்குடிக் கல்வெட்டு. காட்டுமன்னார்கோயில் அனந்தீஸ்வரர் கோயிலில் இருக்கிறது. இராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை'க் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்கள் அதில் வருகின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்றும், பரமேஸ்வரனுக்கு இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்றும் பட்டம். இதைக் கவனியுங்கள். பஞ்சவன் என்றால் பாண்டியன். ஒருவன் பட்டத்தில் பாண்டியன், இன்னொருவன் பட்டத்தில் சோழன். கதையில் வருவதுபோலக் காட்டில் ஒளிந்து ஆந்தை போலக் கத்தும் கூட்டம் இல்லை இது, அதிகாரத்தில் இருந்தவர்கள்.

அப்புறம், கல்வெட்டு எழுதப்பட்டது கொலையை விசாரிக்க இல்லை. அந்தக் குடும்பங்களிடமிருந்து பறிமுதலான நிலத்தைப் பற்றிய ஆவணம் அது. ஏன் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. பத்திரப்பதிவைப் படித்துக் கொலைகாரனைத் தேடும் நிலைமைதான் வரலாற்று ஆசிரியர்களுக்கு.

கே: அப்படியென்றால் உத்தம சோழன்தான் காரணமா?

இங்கேதான் பண்டாரத்தாரைப் படித்தது பயன்பட்டது. நீலகண்ட சாஸ்திரி தம் சோழர் வரலாற்றில் உத்தம சோழன் மீது சந்தேகப்படுகிறார். இராஜராஜனுக்கு முன் ஆண்ட, அவனுடைய தந்தை வழி உறவினனான உத்தமனுக்கு அரியணை மீது ஆசை இருந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அவன் ஆண்ட காலம் முழுவதும் கொலையாளிகளின் சொத்தைப் பற்றிப் பேச்சில்லை, இராஜராஜன் வந்த 2-ஆம் ஆண்டில்தான் வருகிறது. கூட்டிப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை, உத்தமனுக்குத் தொடர்பில்லை என்று வாதாடுகிறார். எனக்கும் சாஸ்திரியின் கணக்கு கொஞ்சம் அவசரமாகத் தெரிகிறது. நில ஆவணத்தின் தேதி நிலத்தின் தேதிதான். ஆட்களுக்குத் தண்டனை எப்போது கிடைத்தது என்று அதில் இல்லையே.

கதையின் முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

சான்றுகளில் உத்தமனுக்கு இரண்டு முகம். ஒன்று, அரியணைக்கு ஆசைப்பட்டவன். இன்னொன்று, செம்பியன் மாதேவி என்ற பெரும் சிவபக்தையின் மகன். இந்த இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒட்டவில்லை என்பதுதான் சிக்கல். கல்கி என்ன செய்தார்? ஆளையே இரண்டாகப் பிளந்துவிட்டார்! ஆசைப்பட்ட மதுராந்தகன் (உத்தமனின் இன்னொரு பெயர்) ஒருவன், பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன் இன்னொருவன். மூன்றாம் முறை படிக்கும்போதுதான் இது எனக்கு உறைத்தது. வரலாற்று ஆசிரியர்கள் அடிக்குறிப்பில் மல்லுக்கட்டிய விஷயத்தை அவர் ஒரு ஆள்மாறாட்டத்தில் தீர்த்துவிட்டுப் போய்விட்டார்.

கே: எந்தப் பதிப்பு வாங்கலாம்?

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனது, பலரும் அச்சிடுகிறார்கள். எதை வாங்கினாலும் 'சுருக்கம்', 'சுருக்கப் பதிப்பு' என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமல் நான் ஒருமுறை ஒரு மொழிபெயர்ப்பு நாவலைப் பாதி மட்டுமே படித்துவிட்டு, முழுசாகப் படித்ததாகப் பத்து வருடம் பேசிக்கொண்டிருந்தேன்.

கே: ரஷ்ய நாவல் என்றாலே பெயர்கள் குழப்புகின்றன. குற்றமும் தண்டனையும் முப்பதாம் பக்கத்தில் நிற்கிறது. என்ன செய்வது சார்?

சார் இல்லை, பரவாயில்லை.

பெயர்கள் நிறைய இருப்பதுபோல் தோன்றும், ஆட்கள் குறைவுதான். ரஷ்யர்களுக்கு மூன்று அடுக்குப் பெயர்: சொந்தப் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். ரோதியான் ரொமானவிச் ரஸ்கோல்நிகவ் என்றால் ரோமானின் மகன் ரோதியான், குடும்பம் ரஸ்கோல்நிகவ். அவன் தங்கை அவ்தோத்யா ரொமானவ்னா. அப்பா அதே ரோமான்தான், பெண் என்பதால் 'ஒவ்னா'. அப்பா பெயர் ஒன்றாக இருந்தால் உடன்பிறந்தவர்களோ என்று யோசிக்கலாம். நமக்கும் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது, அவர்களுக்கு முழுப் பெயரும் நடுவில் நிற்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை.

அதற்கு மேல் செல்லப் பெயர். அம்மாவுக்கு அவன் ரோத்யா, தங்கை எல்லாருக்கும் துன்யா. இங்கேதான் ஒரு லாபம் இருக்கிறது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதிலேயே உறவு தெரிந்துவிடும். சொந்தப் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டால் மரியாதை, செல்லப் பெயர் என்றால் நெருக்கம். நாம் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்குவதைப் போல. ஒரு துண்டுத் தாளில் ஆளுக்கு ஒரு வரி எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நூறு பக்கத்துக்குப் பிறகு தாள் தேவைப்படாது. எம்.ஏ. சுசீலாவின் தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தேன், எங்கும் முட்டவில்லை.

முன்னுரையை மட்டும் கடைசியில் படியுங்கள். செவ்வியல் நாவல்களின் முன்னுரை எழுதுபவர்கள் பலரும் கதை ஊருக்கே தெரியும் என்ற நினைப்பில் முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.

கே: படுத்துக்கொண்டு படித்தால் தூக்கம் வருகிறது.

உட்கார்ந்து படியுங்கள்.

கே: புதிதாகப் படிக்கத் தொடங்குகிறேன். எந்தப் புத்தகத்தில் ஆரம்பிக்கலாம்?

முதல் பதில்.

கே: நந்தினி பற்றிக் கேட்டவன்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கல்கி வரலாற்றைத் திரித்திருக்கிறார். லட்சக்கணக்கானவர்கள் அதையே சரித்திரம் என்று நம்புகிறார்கள். இது தவறில்லையா?

நம்புவது தவறு. எழுதியது தவறில்லை. அவர் நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். முடிந்த பிறகு, அந்த ஆள் என்ன ஆனார், இந்த ஆள் என்ன ஆனார் என்று வாசகர்கள் துளைத்ததற்கு முடிவுரையில் பதிலும் எழுதினார். கொலையைக் கூட இன்னார் செய்தார் என்று அடித்துச் சொல்லாமல் மங்கலாக விட்டார். சான்று மங்கலாக இருக்கிற இடத்தில் கதையும் மங்கலாக இருக்கிறது. இதைவிட ஒழுக்கமாக ஒரு நாவலாசிரியர் நடந்துகொள்ள முடியுமா?

கே: கானமன் புத்தகம் வாங்கலாமா? வாழ்க்கையை மாற்றும் என்கிறார்கள்.

வாழ்க்கை மாறாது. நல்ல புத்தகம், நாலாவது அத்தியாயத்தில் மட்டும் பென்சிலோடு உட்காருங்கள்.

புத்தகம் வந்தது 2011-இல். அந்த அத்தியாயத்தில் ஒரு பிரபலமான சோதனை வருகிறது. முதுமையை நினைவூட்டும் சொற்களை வைத்து மாணவர்களை வாக்கியம் அமைக்கச் சொன்னார்கள், பிறகு அவர்கள் தாழ்வாரத்தில் மெதுவாக நடந்தார்கள் என்பது 1996-இல் வெளிவந்த முடிவு. கானமன் இந்த வகை ஆய்வுகளை நம்பாமலிருக்க வழியே இல்லை என்கிற தொனியில் எழுதியிருக்கிறார். 2012-இல் வேறொரு குழு அகச்சிவப்புக் கருவி வைத்து நடையை அளந்தது. விளைவு வரவில்லை. சோதனை நடத்துபவர்களே 'இவர்கள் மெதுவாக நடப்பார்கள்' என்று எதிர்பார்த்தபோதுதான் வந்தது! 2017-இல் கானமனே, சிறிய எண்ணிக்கையில் ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று பொதுவில் ஒப்புக்கொண்டார். நோபல் வாங்கியவர் அப்படிச் சொன்னது எனக்கு அவர் மேல் மரியாதையைக் கூட்டியது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பிரதியில் பழைய வரிதான் இருக்கும். அது தானாகத் திருந்தாது.

அதனால் அபுனைவு என்றால் முதலில் வெளியான ஆண்டைப் பாருங்கள். பிறகு அதன் முக்கியமான ஒரு கூற்றையாவது வெளியே தேடிப் பாருங்கள்.

கே: பங்குச்சந்தைக்கு நல்ல புத்தகம் சொல்லுங்கள்.

எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பணம் போட்டுப் பழகியவரைக் கேளுங்கள்.

கே: வருடத்துக்கு எத்தனை புத்தகம் படிப்பீர்கள்?

எண்ணுவதில்லை. எண்ண ஆரம்பித்தால் மெலிந்த புத்தகமாகத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

கே: இன் கோல்ட் பிளட் எப்படி இருந்தது?

தூக்கத்தைக் கெடுத்தது. 1959-இல் கான்சாஸில் ஒரு குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவம். 1966-இல் புத்தகமாக வந்தது. நடந்ததை நாவல் மாதிரி எழுதியிருக்கிறார், ஆனால் எல்லாம் உண்மை என்பதுதான் அவருடைய வாக்கு. கடைசியில் துப்பறியும் அதிகாரி கல்லறைத் தோட்டத்தில் இறந்த பெண்ணின் தோழியைச் சந்திப்பார். நெஞ்சைத் தொட்ட பக்கம். அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஒன்று பொய் என்றால் மற்றதில் எது?

கே: மறுபடியும் நான்தான். கல்கி ஆள்மாறாட்டமே கற்பனை செய்தால் ஒழுக்கம், கபோட்டி ஒரு பக்கம் கற்பனை செய்தால் பொய். இது என்ன நியாயம்?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். வாக்கு வேறு. கல்கி உங்களிடம் கதை சொல்கிறேன் என்றார், சொன்னார். கபோட்டி நடந்ததைச் சொல்கிறேன் என்றார், நடுவில் கதையையும் கலந்தார். நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவனை யாரும் பிடித்து உள்ளே போடுவதில்லை. அதே வேஷத்தில் வந்து வரி வசூலித்தால்?

கே: ஆனால் கல்கி நடுநடுவே செப்பேடு, கல்வெட்டு என்று சொல்லிக்கொண்டே போகிறாரே. அது 'இது உண்மை' என்று சொல்வதுதானே?

ம். இது சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். கதை சொல்லிக்கொண்டே இருப்பவர் திடீரென்று ஆசிரியர் குரலுக்கு மாறும் இடங்களில், தையல் எங்கே இருக்கிறது என்று புதிய வாசகருக்குத் தெரியாது. எனக்கும் பதினாறு வயதில் தெரியவில்லை. நந்தினியின் ஊரைப் பாடப் புத்தகத்தில் தேடியிருக்கிறேன். ஆனாலும் கல்லறைத் தோட்டத்தோடு இதைச் சேர்க்க மாட்டேன். கல்கியைச் சரிபார்க்கக் கல்வெட்டு வெளியே நிற்கிறது, நான் போய்ப் பார்த்துவிட்டேன். கபோட்டி வைத்த கல்லறைக் காட்சிக்கு அவரைத் தவிர எனக்கு யார் சாட்சி?

கே: பிடிஎஃப் கிடைக்குமா?

கல்கிக்குக் கிடைக்கும், நாட்டுடைமை. மற்றவற்றுக்கு என்னிடம் கேட்காதீர்கள்.

கே: அக்கா, நான் படிப்பதற்குப் புதிது. முதலில் எந்தப் புத்தகம்...

மேலே. மேலே. மேலே.

கே: கடைசியாகக் கேட்கிறேன். உங்கள் மனதுக்குள் யார் கொன்றார்கள்?

கல்வெட்டில் பெயருள்ளவர்கள். அவர்களுக்குப் பின்னால் யாரோ இருந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அந்த 'யாரோ' எனக்குக் கல்கியின் முகத்தோடுதான் வருகிறார். அதனால் என் சாட்சியம் செல்லாது.