கிளைகோஜன் சேமிப்பு நோய் உள்ள குழந்தையை நடுராத்திரி எழுப்பி மாவு கரைத்துக் கொடுக்கத்தான் வேண்டுமா?

1ஏ வகை என்றால் எழுப்பத்தான் வேண்டும். "தூங்குற பிள்ளையை எழுப்பாதே" என்று வீட்டில் பெரியவர்கள் யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த நோயில் பல வகை உண்டு, என் மகனுக்கு 1ஏ வகை. நான் டாக்டர் இல்லை. எத்தனை கிராம், எத்தனை மணிக்கு ஒருமுறை என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது, அதற்காக யாரும் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

இந்த வகைப் பிள்ளைகளின் கல்லீரலில் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கிற சர்க்கரை, நிறையவே இருக்கும், வயிறு பெருத்துத் தெரிவதே அதனால்தான். ஆனால் அதைக் குளுக்கோஸாக ரத்தத்துக்கு விடுகிற நொதி இல்லை. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் சர்க்கரை சரிந்து, தூக்கத்திலேயே வலிப்புகூட வரலாம். பச்சைக் கார்ன்ஃப்ளோர் மெதுவாகச் செரிப்பதால் நாலைந்து மணி நேரம் தாங்கும். பச்சைத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். வெந்நீர் பட்டால் மாவு வெந்து, சீக்கிரம் செரித்துவிடும். 1984-ல் இந்த வழி வருவதற்கு முன் இரவு முழுக்க மூக்குக் குழாய் வழியாக உணவு ஏற்றினார்கள்.

ராத்திரியைவிட எனக்குக் கஷ்டம் கல்யாண வீடுதான். "சுகர் குறையுதுன்னா ஒரு லட்டு கொடு, சரியாயிடும்" என்று ஒரு அத்தை ஊட்டியே விட்டார். சீனியில் பாதி ஃப்ரக்டோஸ். அது இவன் உடம்பில் குளுக்கோஸாகி வெளியே வராது, லாக்டிக் அமிலத்தைத்தான் ஏற்றும். பழம், பால் எல்லாம் அதே கதை. தடுத்தால் நான் திமிர் பிடித்தவள். நானும் என் கணவரும் மாமன் மகள், அத்தை மகன். "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்று இன்று பேசுகிறவர்கள்தான் அன்று "சொத்து வெளியே போகாது" என்று முன்னால் நின்று நிச்சயம் பண்ணியவர்கள்.

பழைய வீட்டு ஓனர் இன்னும் மோசம். தினமும் ரெண்டு மணிக்கு லைட் எரிகிறது, அலாரம் அடிக்கிறது என்று முறைப்பார். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க வேண்டும் என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் குடிவந்தபோதே சுவர் உரிந்துதான் இருந்தது!

சரி, அதை விடுங்கள். வாந்தி வந்து மாவு தங்கவில்லை என்றால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரியில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பையிலேயே வையுங்கள். ராத்திரி டூட்டியில் இருப்பவருக்கு இந்த நோயைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது.