புத்தக அட்டையில் அப்பா பெயர் இல்லையென்றால் துரோகமா?

கேள்வி: எனக்கு 31 வயது. மதுரைப் பக்கம் பிறந்தவள். படிக்க ஜெர்மனி வந்து எட்டு வருடம் ஆகிறது. மூன்று வருடமாக ஜெர்மன் மொழியில் சிறுகதை எழுதுகிறேன். முதல் தொகுப்பை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. என் பெயருக்குப் பின்னால் வரும் அப்பாவின் பெயர் இங்கே யார் வாயிலும் நுழைவதில்லை. அட்டையில் அதை எடுத்துவிடலாம், உங்கள் பெயரையும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எனக்குப் பழந்தமிழ்ப் பெயராகத் தேடி வைத்தவர். விஷயத்தைச் சொன்னதும், "மொழியை விட்டாய், சரி. என் பெயரையுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஒரு மாதமாகப் பேச்சில்லை. எழுத்தில் பெரிய ஆளாக வேண்டும் என்ற என் ஆசை துரோகமா? ஐரோப்பாவில் இப்படித் தவித்தவர்கள் யாராவது உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

துரோகம் இல்லை. மீதியை நீங்கள் பதறாமல் படிக்க வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் அப்பா கோபப்பட்டது தப்பு என்றும் சொல்ல மாட்டேன்.

தவித்தவர்கள் உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் யூசெஃப் கோஜெனியோவ்ஸ்கி. இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. ஜோசப் கான்ராட் என்றால் தெரியும்.

1857-இல், இன்றைய உக்ரைனில் இருக்கும் பெர்டிச்சிவ் பக்கத்தில், போலிஷ் குடும்பத்தில் பிறந்தார். அப்போது போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதை 1795-க்குள் பங்கு போட்டு முடித்துவிட்டன. மொழி மட்டும்தான் மிச்சம். அப்பா அப்போலோ ஒரு கவிஞர், மொழிபெயர்ப்பாளர். மகனுடைய ஞானஸ்நானத்துக்காக அவர் எழுதியது தாலாட்டு இல்லை. உனக்கு நாடில்லை, உன் தாயான போலந்து கல்லறையில் கிடக்கிறாள் என்று சொல்லும் கவிதை. ரஷ்ய அரசுக்கு எதிராக வேலை செய்ததற்காக 1862-இல் அவரைக் குடும்பத்தோடு வடக்கே வோலோக்டாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கே போகும்போது பையனுக்கு நாலு வயது. ஏழு வயதில் அம்மா போனாள், பதினோரு வயதில் அப்பாவும் போனார். க்ராக்கோவில் அப்பாவின் இறுதி ஊர்வலம் ஒரு தேசபக்தி ஊர்வலமாகவே நடந்தது. முன்னால் நடந்தது இந்தப் பையன்.

அவ்வளவு கனத்தைத் தோளில் ஏற்றிவிட்ட ஒரு பிள்ளை என்ன செய்வான்? இவர் பதினாறு வயதில் கப்பலில் வேலை செய்ய பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய்விட்டார். இருபது வயதுக்கு மேல்தான் ஆங்கிலம். 1886-இல் பிரிட்டிஷ் குடியுரிமை, அதே வருடம் கப்பல் கேப்டனுக்கான சான்றிதழ். 1895-இல் முதல் நாவல், ஆங்கிலத்தில்.

1899-இல் எலீஸா ஓஜெஷ்கோவா என்ற மூத்த போலிஷ் நாவலாசிரியை, திறமை உள்ளவர்கள் நாட்டைவிட்டுப் போவது பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். ஆங்கிலத்தில் நாவல் எழுதி நன்றாகச் சம்பாதிக்கிற அந்த மனிதரைப் பற்றிப் படித்தபோது தனக்கு உடம்பே பதறிவிட்டது என்கிற அளவுக்குக் கடுமையாகப் போட்டுத் தாக்கினார். (சம்பாத்தியம் பற்றி அவர் நினைத்தது தவறு. கான்ராட் அப்போது கடனில் இருந்தார். அதற்குப் பிறகும் பல வருடம் கடனில்தான் இருந்தார்.)

கான்ராடைப் பிடித்தவர்கள் பலரும் இந்த இடத்தில் ஓஜெஷ்கோவாவை ஒரு குறுகிய மனசுக்காரியாக ஆக்கிவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். 1863-இல் ரஷ்யாவுக்கு எதிரான எழுச்சி நடந்தபோது, அதன் தலைவர்களில் ஒருவரை ஒளித்துவைத்து, தன் வண்டியிலேயே எல்லைவரை கொண்டுபோய் விட்டவர் அவர். எழுச்சி தோற்றபின் அவர் வாழ்ந்த பகுதியில் போலிஷ் மொழியைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் பேச விடவில்லை. வில்னாவில் அவர் நடத்திய புத்தகக் கடையையும் பதிப்பகத்தையும் 1882-இல் அரசு இழுத்து மூடியது. சில வருடம் போலீஸ் கண்காணிப்பில் இருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அங்கேயே உட்கார்ந்து அந்த மொழியிலேயே எழுதிக்கொண்டிருந்தவர். கையில் இருக்கும் கொஞ்சத்தையும் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியதில் என்ன ஆச்சரியம்?

உங்கள் அப்பாவின் குரல் எனக்கு அங்கேதான் கேட்கிறது. வாழ்நாளெல்லாம் வகுப்பில் நின்று பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த மனிதர். அந்த வகுப்பிலேயே நன்றாகப் படித்த பிள்ளை நீங்கள்தான் என்று அவர் நினைத்திருப்பார். நீங்கள் சரியாகச் செய்கிறீர்களா, தப்பாகச் செய்கிறீர்களா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அவருக்கு ஒரு இழப்பு நடந்திருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், தங்கை. ஒப்புக்கொண்டால் நீங்கள் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள்.

அப்புறம் கான்ராட் என்ன பதில் சொன்னார்? 1901-இல், தன் பெயரையே கொண்ட க்ராக்கோ நூலகர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன் நாட்டையும் பெயரையும் தான் மறுதலிக்கவே இல்லை. யூசெஃப், கொன்ராட் இரண்டுமே தனக்கு வைத்த பெயர்கள்தான். குடும்பப் பெயரை வெளிநாட்டார் வாய் சிதைக்க வேண்டாம் என்றுதான் இரண்டாவதைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டேன் என்றார். உக்ரைன் பக்கத்து ஆள் ஒருவன் ஆங்கிலேயர்களுக்குச் சமமாகக் கப்பல் ஓட்டுவான், அவர்கள் மொழியிலேயே அவர்களிடம் சொல்ல அவனிடம் விஷயமும் உண்டு என்று காட்டியதில் நாட்டுக்கு என்ன துரோகம் என்றும் கேட்டார்.

கொன்ராட் என்ற பெயரைப் பாருங்கள். போலிஷ் இலக்கியத்தின் மகாகவி மித்ஸ்கியேவிச் தன் நாயகர்களுக்கு வைத்த பெயர் அது. அவர்களில் ஒருவன், எதிரிகளின் நடுவில் அவர்களில் ஒருவனாகவே வாழ்ந்து, தன் மக்களை மறக்காதவன். போலிஷ் படித்த யாருக்கும் அந்தப் பெயரைக் கேட்டால் சட்டென்று தெரியும். ஆக, குடும்பப் பெயரை விட்டவர், அப்பா தேடி வைத்த பெயரை விடவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே மிகவும் போலிஷான துண்டை எடுத்து, ஆங்கில நாவலின் அட்டையில் ஒட்டிவிட்டார்.

இதற்கு நேர்மாறான கதை உங்கள் ஜெர்மனியிலேயே நடந்தது. ஹாரி ஹைனே, டுசெல்டோர்ஃபில் பிறந்த யூதர். பிரஷ்யாவில் யூதர்களுக்கு அரசு வேலையும் பல்கலைக்கழக வேலையும் கிடையாது. 1825-இல் சட்டப் பட்டம் வாங்குவதற்குச் சில வாரம் முன்னால் ஞானஸ்நானம் பெற்று ஹைன்ரிச் ஹைனே ஆனார். ஐரோப்பியக் கலாசாரத்துக்குள் நுழைய அதுதான் டிக்கெட் என்று அவரே சொன்னார். டிக்கெட் வாங்கியும் கதவு திறக்கவில்லை; வேலை கிடைக்கவில்லை. சில மாதத்திலேயே, இப்போது கிறிஸ்தவர்களும் யூதர்களும் சேர்ந்து என்னை வெறுக்கிறார்கள், ஏன்தான் இதைச் செய்தேனோ என்று நண்பருக்கு எழுதினார். 1831-இல் பாரிஸ் போனவர், சாகும்வரை அங்கேதான் இருந்தார். கடைசி வருடங்களில் எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடந்து எழுதிய தொகுப்பில், எபிரேய மெல்லிசைகள் என்று ஒரு பகுதியே வைத்தார். விட்டுவிட்டேன் என்று நினைத்தது அவரை விடவில்லை.

இருவருமே ஆசைப்பட்டவர்கள்தான், இருவருமே பெயரை மாற்றியவர்கள்தான். ஒருவரிடம் வேறு ஆட்கள் விலை கேட்டார்கள்: நீ நீயாக இருந்தால் உள்ளே விடமாட்டோம். இன்னொருவர் எதை எடுப்பது, எதை வைப்பது என்று தானே உட்கார்ந்து முடிவு செய்தார். உங்கள் பதிப்பகம் இதில் எந்தப் பக்கம்? நேராகக் கேளுங்கள். வாயில் நுழையவில்லை என்பதுதான் காரணமா, இல்லை, எங்கிருந்து வந்தவள் என்று வாசகருக்குத் தெரிய வேண்டாம் என்பதா? முதலாவது என்றால் பேசித் தீர்க்கலாம். இரண்டாவது என்றால், வேறு பதிப்பகம் தேடுங்கள் என்பேன்.

என் யோசனை இது. அப்பாவின் பெயரை அட்டையிலிருந்து எடுக்கலாம். நம் வழக்கத்தில் அது முன்னால் நிற்கும் ஓர் எழுத்துதானே, பாஸ்போர்ட்டுக்காகத்தான் பின்னால் போய் நீண்டது. ஆனால் அவர் உங்களுக்கு வைத்த பெயரில் ஓர் எழுத்தைக்கூடச் சுருக்காதீர்கள். ஜெர்மானியர்கள் ஒரே மூச்சில் எவ்வளவு நீளமான சொற்களைச் சொல்கிறார்கள், இதையும் பழகிக்கொள்வார்கள். உள்ளே சமர்ப்பணப் பக்கத்தில் அப்பாவின் பெயரை முழுசாகப் போடுங்கள். கான்ராட் தன் முதல் ஆங்கில நாவலை, அப்பா இல்லாத பிள்ளையைத் தாங்கிய தாய்மாமாவின் நினைவுக்குத்தான் சமர்ப்பித்தார். அதிலும் வெறும் முதலெழுத்துகள் மட்டும். நீங்கள் முழுசாகவே போடலாம்.

குற்ற உணர்ச்சி போய்விடுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். போகாது. கான்ராட்டின் மகன்களுக்குப் போலிஷ் பேச வரவில்லை. ஓஜெஷ்கோவா எழுதி பதினைந்து வருடம் கழித்து, 1914-இல் கான்ராட் போலந்துப் பக்கம் போயிருந்தபோது, உறவுப் பெண் ஒருத்தி ஓஜெஷ்கோவாவின் நாவலைப் படிக்கத் தரட்டுமா என்று கேட்டதற்குச் சீறி விழுந்தார். அவ்வளவு காலம் உள்ளே முள்ளாக இருந்திருக்கிறது. அந்த முள்ளோடுதான் அத்தனை நாவல்களையும் எழுதினார். கான்டர்பரியில் அவர் கல்லறையில் கோஜெனியோவ்ஸ்கி என்ற பெயரும் இருக்கிறது. நடுப்பெயரில்தான் ஓர் எழுத்தைத் தப்பாகச் செதுக்கிவிட்டார்கள்.

அப்பாவுக்கு விளக்கக் கடிதம் எதுவும் எழுதாதீர்கள். தொகுப்பில் உங்கள் ஊர் வரும் கதை ஒன்று இருக்குமே, அதை நீங்களே தமிழில் எழுதுங்கள். ஜெர்மன் வாக்கியத்தை அப்படியே மாற்றாமல், அம்மாவிடம் சொல்வது போல எழுதுங்கள். எங்கேயாவது ஒரு சொல் கிடைக்காமல் திணறுவீர்கள். எட்டு வருடம் ஆகிவிட்டது, கட்டாயம் திணறுவீர்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டு அவருக்கு அனுப்பி, "இந்த இடத்தில் என்ன சொல் போடலாம் அப்பா?" என்று மட்டும் கேளுங்கள்.