காடே இல்லாத ஊருக்கு காட்டுத்தீ பாடம் எதுக்கு? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். நான் வடசென்னையில எம்.கே.பி. நகர், வீட்லயே தையல் மிஷின் போட்டிருக்கேன். என் பொண்ணு காலேஜ்ல ஜியாகிரஃபி படிக்கிறா. காட்டுத்தீ வந்தா எந்த ஊருக்கு, யாருக்கு ஆபத்து அதிகம்னு எப்படி கணக்கு போடறாங்கன்னு ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. "நம்ம ஏரியாவுல காடே இல்லியே, இத படிச்சி இன்னா பண்றது"ன்னு கேக்குறா. எனக்கும் பதில் தெரியல. (ஒரு வாசகி, எம்.கே.பி. நகர்)

பதில்: நல்ல கேள்விம்மா. காட்டுத்தீன்னா நமக்கு 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணி மலையில நடந்தது தான் ஞாபகம் வருது, 23 பேரு செத்தாங்க, அதுல மெட்ராஸ்லேருந்து மலையேற போன பொண்ணுங்களும் இருந்தாங்க, இன்னிக்கும் நெனச்சா வயித்த கலக்குது. அதே வருஷம் நவம்பர் 8ஆம் தேதி கலிஃபோர்னியாவுல பாரடைஸ்னு ஒரு ஊரு, காலைல புடிச்ச நெருப்புல சில மணி நேரத்துல ஊரே போச்சி. 85 பேர் செத்தாங்க, 18,000க்கு மேல கட்டடம் சாம்பல். செத்தவங்க யாருன்னு பாத்தா பெரும்பாலும் 65 வயசு தாண்டினவங்க, அதுல நடக்க முடியாதவங்க, கூட்டிட்டு போக வண்டி இல்லாதவங்க நெறைய பேர். ஓட முடிஞ்சவங்க ஓடிட்டாங்க. உங்க பொண்ணு படிக்கற பாடம் இது தான்.

அமெரிக்காவுல வனத்துறை 2020லேருந்து இதுக்குன்னே ஊர் ஊரா மேப் போட்டு வெச்சிருக்கு. நெருப்பு வர வாய்ப்பு எவ்ளோ, வந்தா எவ்ளோ உக்கிரமா எரியும், வீடு காட்ட ஒட்டியே இருக்கா இல்ல பறந்து வர்ற தீப்பொறி மட்டும் எட்டற தூரத்துல இருக்கா (பொறி ஒரு கிலோமீட்டர் தாண்டியும் வந்து கூரைல விழும்), இப்படி பாக்குறாங்க. இதெல்லாம் நெருப்போட கணக்கு. மனுஷங்க கணக்குக்கு அங்க இருக்கற சிடிசின்ற சுகாதார அமைப்பு, மக்கள்தொகை கணக்குலேருந்து 16 விஷயம் எடுத்து ஒரு அளவுகோல் வெச்சிருக்கு. வருமானம், வயசானவங்க, உடம்பு முடியாதவங்க, தனியா புள்ளைய வளக்கறவங்க, ஒரே ரூம்ல நெருக்கியடிச்சி இருக்கறவங்க, சொந்த வண்டி இல்லாதவங்க, ஊர் பாஷை சரியா வராதவங்க. ரெண்டு மேப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா, எந்த எடத்துல ரெண்டுமே மோசமோ அங்க தான் மொதல்ல போய் நிக்கணும்னு தெரியும்.

இப்ப அந்த லிஸ்ட்ட எடுத்துகினு உங்க தெருவுல நடந்து பாருங்கம்மா. காடு இல்ல, ஆனா கொடுங்கையூர் குப்பமேடு இருக்கு. மக்கற குப்ப காத்தே படாம உள்ள அமுங்கி கெடக்கும்போது மீத்தேன் கேஸ் உண்டாவுது, கத்திரி வெயில்ல ஒரு பொறி போதும், மேல தண்ணி அடிச்சா அணைஞ்ச மாதிரி இருக்கும், உள்ள கனன்றுகினே இருக்கும், அதனால தான் நாள் கணக்கா புகையுது. காட்டுத்தீயிலயும் தழல் எட்டாத ஊர புகை எட்டிடும். ஜன்னல சாத்திட்டு ஏசி போட்டுக்கறவங்க இருக்காங்க, ஜன்னலே இல்லாத தகர ஷீட் வீட்ல கைக்கொழந்தைய வெச்சிகினு இருக்கறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் வெளிய காத்து ஒரே காத்து தான், ஆபத்து தான் ஒண்ணு இல்ல.

நான் கொருக்குப்பேட்டையில வளந்தவ. சின்ன வயசுல எங்க சந்துல குடிச பத்திகிச்சி, ஃபயர் வண்டி மெயின் ரோட்லயே நின்னுடுச்சி, சந்துக்குள்ள வர முடியல. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க, எதுத்த வீட்டு ஆயா மட்டும் திரும்ப உள்ள ஓடுது. எதுக்குன்னா தகரப்பொட்டிக்கு. ரேஷன் கார்டு, கம்மல அடகு வெச்ச ரசீது, ரெண்டும் அதுல தான் இருந்துச்சி. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர் புடவைய புடிச்சி வெளிய இழுத்தாரு, ஆயா கை முழுக்க கொப்பளம், பொட்டிய மட்டும் அது விடல. எந்த மேப்லயும் அந்த பொட்டி வராது. ஆனா அந்த ஆயா ஏன் ஓடுச்சின்னு புரியாம ஆபத்த அளக்க முடியாதும்மா, கார்டு போனா மறுமாசம் அரிசி எப்படி வாங்குறது?

அதனால பொண்ண ஒரு நோட்டு எடுத்துகினு தெருவுல எறங்க சொல்லுங்க. கூரை ஓலையா, ஷீட்டா, மேல ஃப்ளெக்ஸ் பேனர் போட்டிருக்காங்களா, சிலிண்டர் எங்க இருக்கு, பெட்ல இருக்கற பெரியவங்க யாரு, அவங்கள தூக்க பகல்ல ஆள் இருக்கா (எல்லாரும் வேலைக்கு போயிருப்பாங்க, இத தான் எல்லாரும் மறந்துடறாங்க), சந்து அகலம் எவ்ளோ, வழிய அடச்சி பைக் நிக்குதா. அதோட ஒவ்வொரு வீட்லயும் கார்டு, ஆதாரோட ஜெராக்ஸ் இன்னொரு எடத்துல சொந்தக்காரங்க கிட்ட இருக்கான்னும் கேக்கட்டும். நெருப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, செவுத்துல பெருசா எழுதி வெக்கட்டும்.

கேள்வி: இந்த மாதிரி லிஸ்ட் எடுத்தா, "இங்க ஆபத்து"ன்னு சொல்லி எங்கள காலி பண்ணி ஊருக்கு வெளிய பெரும்பாக்கம் அனுப்பிட மாட்டாங்களா? (ஒரு வாசகர், வியாசர்பாடி)

பதில்: உங்க பயம் நியாயமானது தம்பி, நம்ம ஆளுங்கள பல எடத்துலேருந்து அப்படி கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு போய் விட்டிருக்காங்க, வேலை ஒரு பக்கம் வீடு ஒரு பக்கம்னு அவங்க பட்ட கஷ்டம் நமக்கு தெரியும். ஆபத்து அதிகம்னு தெரிஞ்சா அங்க மொதல்ல தண்ணியும் வழியும் நல்ல கூரையும் வரணும், ஆளுங்கள அப்புறப்படுத்த அது சாக்கு ஆகக்கூடாது. அதனால நோட்டு தெரு ஆளுங்க கையிலயே இருக்கட்டும். வெளிய குடுக்கும்போது பேர், கதவு நம்பர் வேணாம், "இந்த சந்துல நடக்க முடியாதவங்க இத்தன பேர், வண்டி நுழையல, பக்கத்துல தண்ணி எடுக்க எடமில்ல"ன்னு எண்ணிக்கைய மட்டும் எழுதி, என்ன வேணும்னு கோரிக்கையையும் அதே பேப்பர்ல சேத்து கவுன்சிலர் கிட்டயும் ஃபயர் ஸ்டேஷன்லயும் குடுங்க, குடுத்ததுக்கு கையெழுத்து போட்ட காப்பி ஒண்ணு வாங்கி வெச்சிக்கோங்க.